புகார் போகும் வழி

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி நிர்வாகங்களின் முன் ஒரு கோரிக்கைப் பட்டியலை வைத்தார்கள். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குச் சரியான பள்ளி, நோயாளிக்கு மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுவது எல்லாம் அதில் இருந்தன. துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. அதே பட்டியலில் இன்னொரு வரி: வெள்ளைத் துரைமாரும் அவர்களைப் போலவே அதிகாரம் செய்த ஆசிய அலுவலர்களும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொள்வது நிற்க வேண்டும்.

கூலிக்காக நடந்த போராட்டம் என்றே பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கும் அந்த வேலைநிறுத்தத்தில், பாலியல் தொல்லையை நிறுத்தக் கோரும் குரலும் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அதை முன்னின்று நடத்தியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றியவர். மே மாதம் அவர் கைதானதும் போராட்டம் மற்ற இடங்களுக்கும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, இராணுவம் வந்தது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் ஐவர் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

பெண்களுக்கு நேர்ந்த தொல்லையைச் சொல்ல ஒரு வேலைநிறுத்தமே தேவைப்பட்டது ஏன்? தோட்டத்துக்குள் புகார் போகும் வழி ஒன்றே ஒன்றுதான். தொழிலாளி கங்காணியிடமோ தண்டலிடமோ சொல்ல வேண்டும். அவர் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். தொல்லை கொடுத்தவர் அந்த வரிசையில் எங்கேனும் நின்றிருந்தால் புகார் அவர் காலடியிலேயே முடிந்துவிடும். சொன்னவளுக்கு மறுநாள் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டில் மோசமான மர நிரை கிடைக்கும், இல்லையென்றால் வேலையே இருக்காது. குடியிருக்கும் லயத்து வீடும் நிர்வாகத்துடையது என்பதால், வேலை போனால் கூரையும் போகும். கோரிக்கை வைத்தவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பதையும் அந்தப் பட்டியலிலேயே அவர்கள் எழுதி வைத்ததற்கு இதுதான் காரணம்.

இன்று அதே சிலாங்கூரில் அந்தத் தொழிலாளர்களின் கொள்ளுப்பேத்திகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். அவர்களில் ஒருத்திக்குத் தொல்லை நேர்ந்தால் புகார் எந்த வழியாகப் போகும்?

புஞ்சாக் ஆலமில் எழுந்த குரல்

கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கிறது புஞ்சாக் ஆலம். அங்குள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்த அயின் ஹுஸ்னிஸா என்ற 17 வயது மாணவி 2021 ஏப்ரலில் டிக்டாக்கில் ஒரு காணொளி வெளியிட்டார். வகுப்பில் ஆசிரியர் ஒருவர் பாலியல் வல்லுறவைப் பற்றி வேடிக்கையாகப் பேசினார் என்பது அவர் குற்றச்சாட்டு. பள்ளியைப் பாதுகாப்பான இடமாக்குங்கள் என்ற அவருடைய முழக்கம் நாடெங்கும் பரவியது. மாதவிடாயை உறுதிசெய்யச் சில பள்ளிகளில் மாணவியரை அவமானப்படுத்தும் சோதனைகள் நடந்ததாகப் பல பெண்கள் தங்கள் அனுபவங்களை வெளியே சொல்லத் தொடங்கினார்கள்.

பேசியவருக்கு நேர்ந்தது என்ன? சமூக ஊடகத்தில் அவருக்கு மிரட்டல் வந்தது, போலீஸில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் அந்த ஆசிரியர் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். மாணவியும் வழக்குத் தொடுத்தார். பல்கலைக்கழகத்தில் காலெடுத்து வைக்கும் வயதை இன்னும் எட்டாத ஒரு பெண்ணுக்கு நீதிமன்றப் படிக்கட்டு முதலில் அறிமுகமாகிவிட்டது.

இது பள்ளியில் நடந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளும் இதைக் கவனித்தார்கள். வாய் திறந்தால் வழக்கு வரும் என்ற பயம் ஒருபுறம், திறந்தால்தான் ஏதாவது மாறும் என்ற நம்பிக்கை மறுபுறம் என இரண்டையும் அந்தச் சம்பவம் ஒரே நேரத்தில் விதைத்தது.

‘வாயை மூடிக்கிட்டு படிச்சு முடி’

அதே மாவட்டத்தில் உள்ள இன்றைய பெஸ்தாரி ஜெயாவைப் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். 2007இல்தான் பெயர் மாறியது. 1999இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இங்கே இருக்கிறது. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி என்று தோட்டப் பெயர்கள் இன்னும் புழங்கும் வட்டாரம் இது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலமாகிவிட்டது. தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களின் பிள்ளைகள் எஸ்.பி.எம்., மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். என்று படியேறி, நாட்டின் எல்லாத் திசைகளிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் இடம்பிடிக்கிறார்கள். பலர் தங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள்.

முதல் பட்டதாரிக்குத் தோளில் ஏறும் சுமை தனி. பி.டி.பி.டி.என். கல்விக் கடனில் அவள் பெயர் இருக்கிறது. அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் விடுதிக் கட்டணமாகப் போயிருக்கிறது. தொல்லை நேர்ந்ததை வீட்டில் சொன்னால் “படிச்சது போதும், வீட்டுக்கு வா” என்று அழைத்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. “வாயை மூடிக்கிட்டு படிச்சு முடிச்சிட்டு வந்துடும்மா” என்று சொல்லும் தாய்க்கு வேறு பயம்: ஊர் என்ன சொல்லும், நாளைக்குக் கல்யாணம் எப்படி நடக்கும் என்று. இரண்டு பயங்களுக்கும் நடுவே தொல்லை கொடுத்தவர் நிம்மதியாக இருக்கிறார்.

அவர் யாராகவும் இருக்கலாம். ஆய்வறிக்கைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய விரிவுரையாளர் நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் உடையைப் பற்றி எழுதலாம். புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே சாப்பிடக் கூப்பிடலாம். மூத்த மாணவர்கள் புதியவரின் உடலையும் நிறத்தையும் கேலி செய்யலாம். தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில் மேலாளர் தோளைத் தொட்டுப் பேசலாம். ஆண் பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவர்கள் பேசுவது இன்னும் குறைவு.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

மலேசியாவில் பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க 1999இல் மனிதவள அமைச்சு ஒரு நடத்தை நெறியை வெளியிட்டது. அதற்குச் சட்ட வலு இல்லை. 2012இல் வேலைச் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பகுதி சேர்ந்தது. 2023 ஜனவரி முதல், பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பைக் கண்ணில் படும் இடத்தில் முதலாளி ஒட்டிவைக்க வேண்டும். புகாரை விசாரிக்கத் தவறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. பல்கலைக்கழகத்தில் கூட்டிப் பெருக்கும் அக்காவும் வாயிலில் நிற்கும் பாதுகாவலரும் தங்கள் முதலாளியிடம் இந்த உரிமையைக் கேட்கலாம்.

ஆனால் மாணவர் ஊழியர் அல்ல. வேலைச் சட்டம் அவருக்குக் கை கொடுக்காது. குற்றவியல் சட்டத்துக்குள் அடங்கும் அளவுக்குப் போகாத தொல்லைகளுக்கு அவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் உள்விசாரணையையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. பழைய தோட்டத்தைப் போலவே வழி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அந்த நிலையை மாற்றியது 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், அதாவது 840ஆம் சட்டம். அந்த ஆண்டு ஜூலையில் மக்களவையிலும் ஆகஸ்டில் மேலவையிலும் அது நிறைவேறியது. அதன் கீழ் அமைந்த நடுவர் மன்றம் 2024 மார்ச்சில் செயல்பாட்டுக்கு வந்தது. சொல், சைகை, படம், தீண்டல் என எந்த வடிவிலும், விரும்பாத ஒருவர்மீது காட்டப்படும் பாலியல் தன்மையுள்ள நடத்தை, நியாயமாகப் பார்த்தால் அவரைப் புண்படுத்துவதாகவோ அவமானப்படுத்துவதாகவோ அவர் நலனை அச்சுறுத்துவதாகவோ இருந்தால் அது பாலியல் தொல்லை என்கிறது இச்சட்டம். பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா, மாணவரா ஊழியரா, நடந்தது வகுப்பறையிலா பேருந்திலா என்று பிரிப்பதில்லை.

நடுவர் மன்றத்துக்கு நேராகப் போகலாம் என்பதுதான் இதில் முக்கியமானது. துறைத் தலைவரின் ஒப்புதல் வேண்டாம், பல்கலைக்கழகம் அனுமதிக்க வேண்டும் என்பதும் இல்லை. மூவர் அமர்ந்து விசாரிப்பார்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை பொதுமக்கள் முன் நடக்காது. பொதுவாக இரு தரப்பிலும் வழக்கறிஞர் வாதாட வேண்டியதில்லை, அதனால் செலவுக்குப் பயந்து பின்வாங்கத் தேவையில்லை. முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல முயல வேண்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். அந்த உத்தரவை மீறினால் இழப்பீட்டைப் போல் இரு மடங்கு அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

இதற்கு முன்பே கதவைத் திறந்தது 2016ஆம் ஆண்டின் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு. ஓர் அலுவலகத்தில் மேலதிகாரியின் ஆபாசப் பேச்சைப் பற்றி ஒரு பெண் ஊழியர் புகார் செய்தார். உள்விசாரணையில் போதிய ஆதாரம் இல்லை என்று முடிந்தது. பின்னர் அந்த மேலதிகாரி அவர்மீதே வழக்குத் தொடுத்தார். அப்பெண் எதிர்வழக்குப் போட்டார். வழக்கு கடைசிப் படி வரை போயிற்று. பாலியல் தொல்லைக்கு இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குத் தொடரலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் அறிவித்தது. அவருக்குக் கீழ் நீதிமன்றம் கொடுத்த 120,000 ரிங்கிட் இழப்பீடும் நிலைத்தது. உள்விசாரணை கைவிரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை அறிந்துகொள்வது நல்லது.

உடலைத் தொட்டு மானபங்கப்படுத்துவது குற்றவியல் சட்டத்தின் 354ஆம் பிரிவில் வரும், பத்தாண்டு வரை சிறை. நாணத்தைக் குலைக்கும் சொல்லும் சைகையும் 509ஆம் பிரிவு, ஐந்தாண்டு வரை சிறை. விடாமல் பின்தொடர்ந்து அச்சுறுத்துவது 2023இலிருந்து 507ஏ பிரிவின் கீழ்க் குற்றம். இவற்றுக்கெல்லாம் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். விடுதி அறை தஞ்சோங் மாலிமில் இருந்தாலும், விடுமுறைக்கு வந்த இடத்தில் கோல சிலாங்கூர் நிலையத்தில் கொடுக்கலாம்.

பாகுபாடு என்ற மற்றொரு கதவு

840ஆம் சட்டம் பாலியல் தொல்லைக்கு மட்டுமே. நிறம், இனம், மொழி, ஏழ்மை இவற்றைச் சொல்லி இழிவுபடுத்துவது அதற்குள் வராது. மலேசியாவில் எல்லா வகைப் பாகுபாட்டையும் தடுக்கும் ஒரே சட்டம் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாவது விதி மதம், இனம், வம்சம், பிறப்பிடம் ஆகியவற்றால் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. 2001இல் பாலினமும் அதில் சேர்ந்தது. இந்த விதியைக் கொண்டு அரசை எதிர்த்து வென்றவர்களும் உண்டு. கர்ப்பிணி என்பதற்காகத் தற்காலிக ஆசிரியை வேலையைத் திரும்பப் பெற்றது பாலினப் பாகுபாடு என்று 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பு அரசுக்கும் அதன் அமைப்புகளுக்கும் எதிராகத்தான். வெளியே அறை தேடும் மாணவரிடம், இந்தியருக்குக் கொடுப்பதில்லை என்று வீட்டு உரிமையாளர் சொன்னால் அவரைத் தட்டிக்கேட்க இது உதவாது.

கேலியும் வசையும் உயிரைக் குடிக்கும் என்பதை மலேசிய இந்தியச் சமூகம் நேரில் பார்த்தது. டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி 2024 ஜூலையில் இறந்தார். இணையத்தில் அவருக்கு வந்த வசைகளும் மிரட்டல்களும் பின்னர் நீதிமன்றத்துக்கு வந்தன. வசைபாடிய ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட் மட்டுமே என்று தெரிந்தபோது நாடே கொதித்தது. அதன் பிறகுதான் பகடிவதையைத் தனிக் குற்றமாக்கும் 507பி முதலான பிரிவுகள் எழுதப்பட்டு, 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. விடுதியில் மூத்தவர்களின் வதையைச் சகித்துக்கொள்ளும் புதிய மாணவரும் இனி இந்தப் பிரிவுகளைச் சுட்டிக்காட்டலாம். பல்கலைக்கழகத்தின் பாகுபாட்டைப் பற்றி மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமும் முறையிடலாம்.

பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது

சட்டம் எவ்வளவு நீண்டாலும் ஒரு மாணவி முதலில் பார்ப்பது தன் வளாகத்தைத்தான். அங்கே புகார் அவள் துறைத் தலைவரின் மேசை வழியாகத்தான் போக வேண்டும் என்றால், பழைய பெரட்டுக்களத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? துறைக்கு வெளியே, வேந்தரோ துணைவேந்தரோ நேரடியாகப் பொறுப்பேற்கும் தனிப் பிரிவு தேவை. விசாரணைக் குழுவில் பல்கலைக்கழகத்தைச் சாராத ஒருவர் இருக்க வேண்டும்.

இந்தியாவில் இதைச் சட்டமே சொல்கிறது. 1997இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விசாகா தீர்ப்பின் வழியில் வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்விசாரணைக் குழுவின் தலைவர் பெண், உறுப்பினரில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள், வெளியாள் ஒருவர், விசாரணைக்கு 90 நாள் கெடு. 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகள் மாணவர் சம்பந்தப்பட்ட வழக்குகளில் மாணவர் பிரதிநிதிகளையும் குழுவில் சேர்க்கின்றன. நம் 840ஆம் சட்டமோ தனிநபரை நடுவர் மன்றத்துக்கு அழைத்து வருகிறது. நிறுவனம் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கடமையையும், புகார் செய்தவரைப் பழிவாங்கினால் தண்டனை என்பதையும் அது தெளிவாக எழுதவில்லை. மகளிர் அமைப்புகள் மசோதா நிலையிலேயே சுட்டிய குறை இது. பழிவாங்கக் கூடாது என்று 1941 பட்டியலில் இருந்த அந்த வரி இன்னும் சட்டத்தில் ஏறவில்லை.

பழிவாங்கலைத் தடுக்கப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புகார் வந்ததும் மாணவியின் மேற்பார்வையாளரை மாற்றலாம். அவள் விடைத்தாளை வேறொருவர் திருத்தலாம். விடுதி மாற வேண்டியிருந்தால் குற்றம்சாட்டப்பட்டவர் மாறட்டும். குற்றம்சாட்டப்பட்டவருக்கும் தன் தரப்பைச் சொல்ல முழு வாய்ப்புக் கொடுத்து, கெடு வைத்து, முடிவை எழுத்தில் இரு தரப்புக்கும் கொடுக்க வேண்டும்.

ரகசியம் காப்பது எவ்வளவு முக்கியம் என்பதைச் சென்னை கற்றுக்கொடுத்தது. 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். அவர் தைரியமாகப் புகார் கொடுத்தார். ஆனால் அவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு போலீஸின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் பெண் அதிகாரிகள் மட்டும் கொண்ட சிறப்புக் குழுவிடம் விசாரணையை ஒப்படைத்தது, கசிவுக்காக அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, 30 ஆண்டுக்குக் குறையாமல் சிறை. ஐந்தரை மாதத்தில் தீர்ப்பு வந்தது பெரிய செய்தி. ஆனாலும் ஒரு கோப்பு கசிந்த அன்று, புகார் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் கையை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

நடந்துவிட்டால்

பாதிக்கப்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது எழுதி வைப்பது. தேதி, நேரம், இடம், சொன்ன சொல் சொன்னபடியே, அருகில் இருந்தவர் யார் என்று அன்றைக்கே எழுத வேண்டும். குறுஞ்செய்திகளை அருவருப்பில் அழித்துவிடக் கூடாது. படம் பிடித்து வைப்பதோடு மூலத்தையும் கைப்பேசியில் விட்டுவைக்க வேண்டும். நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லி ஒரு செய்தி அனுப்பினால், பின்னால் அதுவும் சான்றாகும்.

தாக்குதல் நடந்திருந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல், கூடிய சீக்கிரம் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கோல சிலாங்கூர் வட்டாரத்துக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சை, சான்று சேகரிப்பு, போலீஸ், ஆலோசனை எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொடுக்கும் ஏற்பாடு 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் வந்திருக்கிறது. யாரிடம் பேசுவது என்றே தெரியாத இரவில் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம்.

முகநூலில் எழுதிவிடலாம் என்ற கோபம் இயல்பானது. ஆயினும் உரிய அதிகாரியிடம் நேர்மையாகக் கொடுக்கும் புகாருக்கு அவதூறுச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு, ஊர் பார்க்கப் போடும் பதிவுக்கு அந்த அளவு கிடைப்பதில்லை. முதலில் எழுத்தில் புகார், பெற்றுக்கொண்டதற்கு ரசீது, அதன் நகல் கையில். பதில் வரவில்லையென்றால் நடுவர் மன்றம்.

பதிவு நாளன்று வாளியும் தலையணையும் மைலோ டின்னும் ஏற்றிக்கொண்டு பிள்ளையை விடுதியில் விடப் போகும் பெற்றோர், கட்டணக் கவுண்டரில் நிற்கும்போதே ஒரு கேள்வி கேட்கலாம்: இங்கே புகாரை யார் வாங்குகிறார்கள், அவர்மீதே புகார் என்றால் யார் வாங்குவார்கள்? பதில் சொல்ல அலுவலர் தடுமாறினால் அதையும் குறித்துக்கொள்ளலாம். பிறகு, வண்டி கிளம்பும் முன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை இருக்கிறது: “என்ன நடந்தாலும் முதல்ல எங்ககிட்ட சொல்லு. படிப்ப நிறுத்த மாட்டோம்.”